ஆணியா, தூளா?

முத்தையாபுரத்தில் இருக்கும் அக்கா போன் செய்தபோது குரலில் அப்படியொரு பூரிப்பு.

"தம்பி, ஒம் மருமவன் திருந்திட்டான். சீட்டு கட்டப் போறான்."

நம்ப முடியவில்லை. வேலைக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. சம்பளம் வந்த பத்தாம் நாளே "எம்மா, பெட்ரோலுக்கு எரநூறு குடேன்" என்று நிற்கிறவன். அவனாவது, சீட்டுக் கட்டுவதாவது!

"மாசச் சீட்டா, ஏலச் சீட்டா?"

"அதெல்லாம் கேக்கல. கூட்டாளிகிட்ட போன்ல பேசிக்கிட்டு இருந்தான். 'புதுச் சீட்டு வருது, முன்பணம் கட்டுனா கொறச்சல்ல கெடைக்கும், ஏழாயிரம் கட்டப் போறேன்'ன்னு சொல்லுதான். நான் ஒண்ணும் கேட்டுக்கிடல. நாமளே கேட்டு ஏன் கெடுக்கணும்? தெருக்கோடியில ஒரு அக்கா நாணயமா சீட்டு நடத்துதாவ. இவனையும் அதுல சேத்துரலாம்னு பேரு குடுத்துட்டேன்."

எனக்குச் சின்ன உறுத்தல். ஏலச் சீட்டில் தள்ளு உண்டு, கழிவு உண்டு. 'குறைச்சலில் கிடைக்கும் புதுச் சீட்டு' என்று ஒன்று நான் கேள்விப்பட்டதில்லை. அடுத்த வாரம் தூத்துக்குடியில் ஒரு கல்யாணம் இருந்தது. அப்படியே அக்கா வீட்டுக்கும் ஒரு எட்டு போனேன்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில் இருக்கிறது முத்தையாபுரம். வழியெல்லாம் உப்பளம். வெள்ளை வெள்ளையாய் அம்பாரம். கண்டெய்னர் லாரிகள் நம்மைக் கேட்காமலே ஒதுக்கிவிட்டுப் போகும். ஊர் பெயரிலேயே முத்து இருக்கிறது. அது ஆள் பெயரா, கடல் முத்தா என்று அக்காவைக் கேட்டால், "தண்ணி ஒழுங்கா வந்தா போதும், பேரு எதுவா இருந்தா என்ன?" என்பாள்.

மருமகன் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இருக்கிறான். நாள் பூராவும் கண்டெய்னர் காகிதங்களோடு மல்லுக்கட்டு.

"பெட்டியைத் தொறந்து பாத்திருக்கியாப்பா?" என்று கேட்டேன், சும்மா பேச்சுக்கு.

"கஸ்டம்ஸ் தொறக்கச் சொன்னாத்தான் மாமா. மத்தபடி பேப்பர்ல என்ன எழுதியிருக்கோ அதுதான் பெட்டிக்குள்ள இருக்கு."

இந்த விவரம் உள்ள பிள்ளை, அக்கா சமையல்கட்டுக்குள் போனதும் போனை என்னிடம் நீட்டினான். முகத்தில் அசட்டுச் சிரிப்பு.

"மாமா, அம்மா நெனைக்கிற சீட்டு இல்ல. இது வெளையாடுற சீட்டு."

ஹார்த்ஸ்டோன் என்று ஒரு ஆட்டம். அமெரிக்காவின் பிளிஸார்ட் கம்பெனி 2014 மார்ச்சில் வெளியிட்டது. ரம்மி மாதிரி 52 சீட்டு கிடையாது. ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மந்திரவாதி, ஒரு பூதம், ஒரு வாள். அதிலிருந்து 30 சீட்டைப் பொறுக்கி உங்கள் கட்டைக் கட்டிக்கொண்டு, முகம் தெரியாத யாரோடோ மோத வேண்டும். பணம் வைத்து ஆடுவது அல்ல. ஆடுவது இலவசம். சீட்டு சேர்ப்பதில்தான் செலவு.

இந்த வகை ஆட்டத்துக்கெல்லாம் மூதாதை 1993-ல் காகிதச் சீட்டாக வந்த மேஜிக் த கேதரிங். அதைக் கண்டுபிடித்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பள்ளிக்கூடத்தில் நிகழ்தகவு என்றால் தெறித்து ஓடிய பயல்கள் எல்லாம் இன்று சீட்டு விழும் வாய்ப்பைத் தசம ஸ்தானம் வரை சொல்கிறார்கள். அவர் செய்த புண்ணியம்!

சீட்டுகள் மூடிய பொட்டலமாகத்தான் கிடைக்கும். ஒரு பொட்டலத்தில் 5 சீட்டு. பெரும்பாலும் காமன். ஒன்றாவது ரேர் ஆகவோ அதற்கு மேலாகவோ இருக்கும். அதற்கு மேலே எபிக். உச்சியில் லெஜண்டரி. சுமார் 20 பொட்டலத்துக்கு ஒரு லெஜண்டரி வரும். அதிர்ஷ்டம் எவ்வளவு மோசமானாலும் 40-க்குள் ஒன்று நிச்சயம். 2017-லிருந்து வருஷத்துக்கு மூன்று முறை புதுத் தொகுப்பு. ஒவ்வொன்றும் வெளியாவதற்குச் சில வாரம் முன்பே மூட்டையாக விற்பார்கள். வெளியாகும் நாளோடு அந்த விலை போச்சு. அதுதான் 'முன்பணம் கட்டினால் குறைச்சல்'.

"நீங்க பேங்க்ல இருந்தவங்க. இது வாங்கலாமா வேண்டாமான்னு கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

பேங்கில் 31 வருஷம் இருந்தவனை இப்படிக் கேட்டால் விடுவேனா? பழைய காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன்.

மூட்டை இரண்டு வகை. (எண்ணிக்கையும் கொசுறும் ஒவ்வொரு தொகுப்புக்கும் கொஞ்சம் மாறுமாம். நான் சொல்வது அன்று அவன் காட்டியது.) சின்னது 50 டாலருக்கு 60 பொட்டலம். பெரியது 80 டாலருக்கு 80 பொட்டலம். கூடவே ஒரு புது நாயகன் முகம், சீட்டின் முதுகில் ஒரு படம், இன்னும் சில மினுமினுப்புகள். அதே 60 பொட்டலத்தைச் சாதாரண நாளில் கடையில் வாங்கினால் 70 டாலர். ஆக, சின்ன மூட்டையில் நிஜமாகவே 20 டாலர் லாபம். ஆடித் தள்ளுபடி மாதிரி விலையை ஏற்றிவிட்டுக் குறைக்கிற வேலை இல்லை.

மருமகன் கண் வைத்திருந்தது பெரிய மூட்டை மேல். நம் காசுக்கு ஏழாயிரத்துக்குப் பக்கம்.

"பெருசா வாங்குனா மலிவுதானே மாமா?"

வாழைப்பழக் கடையில் அப்படித்தான். இங்கே கணக்குப் போட்டால் தலைகீழ். சின்னதில் ஒரு பொட்டலம் 83 சென்ட். பெரியதில் முழுசாக ஒரு டாலர். சின்னதிலிருந்து பெரியதுக்குத் தாவ 30 டாலர் கூடுதல், அதற்குக் கிடைப்பது 20 பொட்டலம். அதாவது ஒன்றுக்கு ஒன்றரை டாலர். கடையில் முழு விலைக்கு வாங்குவதைவிட அதிகம்! மிச்சமெல்லாம் அந்த முகத்துக்கும் முதுகுக்கும் கொடுக்கிற காசு. பையன் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்து, இவனுக்கு எத்தனை தேவை? ஆட்டத்தில் 11 வகுப்புகள். இவன் ஆடுவது இரண்டுதான். பொட்டலமோ எல்லா வகுப்புக்கும் பொதுவாகச் சீட்டை வாரி இறைக்கும். பொதுச் சீட்டுகளைச் சேர்த்தாலும், வருவதில் பாதிக்கு மேல் இவன் தொடப்போவதில்லை. அதோடு, தினமும் ஆடி ஆடி 5,000 தங்கம் சேர்த்து வைத்திருந்தான். 100 தங்கத்துக்கு ஒரு பொட்டலம் என்று 50 இலவசமாகவே கிடைக்கும். அப்படியானால் காசு கொடுத்து வாங்கப்போவது முதல் பொட்டலம் அல்ல, 51-வது பொட்டலம். முதல் தோசைக்கும் ஆறாவது தோசைக்கும் உள்ள வித்தியாசம். முதல் 50-லேயே காமன் பெரும்பாலும் நிறைந்துவிடும். பிறகு வந்ததே வரும்.

"வந்ததே வந்தா என்ன செய்வே?"

"தூளாக்கிருவோம் மாமா."

தூள் என்றதும் எனக்கு 'பிரமாதம்' என்றுதான் பட்டது. அதில்லை. வேண்டாத சீட்டை உடைத்தால் தூள் கிடைக்கும். தூளைச் சேர்த்து வேண்டிய சீட்டைச் செய்துகொள்ளலாம். ஒரு லெஜண்டரியை உடைத்தால் 400 தூள். ஒரு லெஜண்டரியைச் செய்ய 1,600 தூள். நாலுக்கு ஒன்று. காமன் இன்னும் மோசம். உடைத்தால் 5, செய்ய 40. எட்டுக்கு ஒன்று! பழைய பேப்பர்காரர் இதைவிடப் பரவாயில்லை.

ஆனால் இந்தத் தூள்தான் எனக்குப் பிடித்துப்போனது. மொத்த ஆட்டத்திலும் உண்மையான நாணயம் அதுதான். ஒரு பொட்டலத்தில் உள்ள அத்தனையையும் உடைத்தால் சராசரியாக 100 தூள் தேறும். அப்படியானால் 60 பொட்டலம் என்பது 6,000 தூள். நாம் விரும்பும் லெஜண்டரி நாலுகூடத் தேறாது. இதுதான் மூட்டையின் தரைவிலை. இதற்கு மேலே கிடைப்பதெல்லாம் அதிர்ஷ்டத்தின் கணக்கு.

ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"ஆடி முடிச்சப்புறம் இந்தச் சீட்டை எவன்கிட்டயாவது விக்கலாமா?"

"முடியாது மாமா."

"சும்மா குடுக்கலாமா?"

"அதுவும் முடியாது. என் கணக்குலயே கிடக்கும். ஒண்ணு ரெண்டு வருசத்துல முக்கிய ஆட்டத்துல இருந்து எடுத்துருவாங்க."

பேனாவை மூடிவிட்டேன். விற்க முடியாத பொருளுக்கு பேங்கில் விலை போட மாட்டோம். காகித மேஜிக் சீட்டுக்காவது சந்தை உண்டு, பழசாக ஆக விலை ஏறியதும் உண்டு. இது அப்படி இல்லை.

இந்த இடத்தில் என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். 1990-களில் தேக்குமரக் கம்பெனிகள் கொடி கட்டிப் பறந்த காலம் நினைவிருக்கிறதா? இன்றைக்குப் பணம் கட்டு, இருபது வருஷத்தில் உன் பேரில் ஒரு தேக்கு, லட்சக்கணக்கில் கையில் என்றார்கள். பேங்கில் உட்கார்ந்து ஊருக்கே புத்தி சொன்ன நான், யாருக்கும் தெரியாமல் இரண்டு மரம் வாங்கினேன். பத்திரம் இருந்தது, மரத்துக்கு நம்பர் இருந்தது, வழவழப்பான தாளில் படம் இருந்தது. மரம் மட்டும் இல்லை. அந்தக் கம்பெனியின் பெயர் இப்போது எதற்கு? பத்திரம் இன்னும் பீரோவில் இருக்கிறது. ஏழாயிரத்துக்கு என்னை யோசனை கேட்கும் பையனுக்கு அது தெரியாது.

"அப்ப வேண்டாம்ங்கிறீங்க?"

பதில் சொல்வதற்குள் அக்கா காபியோடு வந்துவிட்டாள். காலண்டர் தாளைப் பார்த்தாள். "சீட்டுக் கணக்கா?" என்றாள் ஆசையாக. பொய் சொல்ல மனசு வரவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து உடைத்துச் சொன்னோம்.

"ஏழாயிரமா? தொறந்து பாத்தா உள்ள என்னல இருக்கும்?"

"படம்மா."

"சாமி படமா?"

அவன் பேசவில்லை. அவள் காபியை வைத்துவிட்டு உள்ளே போனாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் கொஞ்சம் பலமாகவே வந்தது.

வெளியே வந்து உட்கார்ந்தோம். எதிர்வீட்டுத் தாத்தா வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார். எண்பதைத் தாண்டியவர். பூர்வீகம் திரேஸ்புரம். மகனுக்கு இங்கே உர ஆலையில் வேலை கிடைத்ததும் கூடவே வந்துவிட்டார். "என்ன, வீட்டுல சத்தம்?" என்றார். மருமகன் விஷயத்தைச் சொன்னான். நான் குறுக்கே விளக்கினால் குழப்பம்தான் என்று சும்மா இருந்தேன். தாத்தா இரண்டே நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்.

"தொறக்காம விக்கிறாம். வாங்குதவன் தொறந்து பாத்துக்கிடணும். அதானே? நாங்க பாக்காத சோலியா? சிப்பி ஏலம்லா!"

எனக்குப் பொறி தட்டியது. இதை நான் அல்லவா முதலில் நினைத்திருக்க வேண்டும்!

இந்தக் கரையில் கடைசியாக அரசாங்க முத்துக்குளிப்பு நடந்தது 1955-லிருந்து 1961 வரை. அதற்குப் பிறகு இல்லை. 61-ல் தாத்தாவுக்கு பதினாறோ பதினேழோ. அப்பா முத்துக்குளிக்கிறவர். இவர் கரையில் சிப்பி சுமந்தார்.

முத்துச் சலாபம் என்பது உண்மையில் முத்து வியாபாரமே அல்ல. மூடிய சிப்பி வியாபாரம். மன்னார் வளைகுடாவின் இந்தக் கரையிலும் இலங்கைக் கரையிலும் ஏறக்குறைய ஒரே முறைதான். கடலுக்கடியில் சிப்பி கிடக்கிற பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே தொளாயிரம் பார் பேர்போனது. சிப்பிக்கு நாலு வயசாவது ஆக வேண்டும். முன்னால் எடுத்தால் முத்து சிறுத்திருக்கும். இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்று ஆசைப்பட்டால் சிப்பியே செத்துப்போகும். அதனால் அதிகாரிகள் முதலில் மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பியை எடுத்து, அழுகவிட்டு, கழுவி, வந்த முத்தை மதிப்பிடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் முத்து என்று கணக்கு வெளியே வரும். வியாபாரிகள் அதை வைத்துக்கொண்டுதான் வருவார்கள்.

இன்றைய ஆட்டக் கம்பெனிகள் பொட்டலத்தில் எது எத்தனை சதவீதம் வரும் என்று வெளியே சொல்ல வேண்டும் என 2017-ல் சீனா சட்டம் போட்டபோது பெரிய புதுமை என்று பேசினார்கள். அடுத்த வருஷம் பெல்ஜியம் சில ஆட்டங்களின் பொட்டலத்தைச் சூதாட்டம் என்றே சொன்னது. நம் கடற்கரையில் நூறு வருஷத்துக்கு முன்பே மாதிரி பார்த்துக் கணக்குச் சொல்லிவிட்டுத்தான் ஏலமே போட்டார்கள்.

சாயங்காலம் வள்ளங்கள் கரையேறும். கொட்டில் சிப்பியைக் கொட்டிப் பங்கு பிரிப்பார்கள். இலங்கைப் பக்கம் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. சுறாவின் வாயைக் கட்டுகிறேன் என்று மந்திரம் சொல்லும் கடல்கட்டிக்கும் கூலி சிப்பிதான். ராத்திரியே சர்க்கார் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். ஏலம் எடுத்தவர் உடனே திறக்க மாட்டார். குவித்து ஒரு வாரம் போல அழுகவிடுவார். ஈயும் புழுவும் மொய்க்கும். நாற்றம் பல மைலுக்கு அடிக்கும். பிறகு கழுவி, அரித்து, துளை போட்ட பித்தளைத் தட்டுகளில் சலித்து எடுப்பார்கள். அந்தத் தட்டுகளுக்குப் பெட்டி என்று பெயர். பத்துப் பெட்டி. முதல் பெட்டியில் 20 துளை, கடைசியில் 1,000. எந்தப் பெட்டியில் தங்குகிறது என்பது பருமனுக்கு. அப்புறம் உருட்சியும் ஒளியும் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். உச்சியில் ஆணி. அடுத்து அணதாரி. இப்படியே இறங்கி இறங்கி, கீழே வடிவு. கடைசியில்...

"தூள்" என்றார் தாத்தா.

மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "என்ன தாத்தா?"

"தூளு. பொடிசு பொடிசா இருக்கும், நகத்துல ஒட்டும். மருந்துக்கு வாங்குவாவ. ஆயிரம் சிப்பியில ஆணி ஒண்ணு இருந்தா இருக்கும், இல்லாட்டி இல்ல. தூளு நிச்சயம்."

பையனும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். கலிபோர்னியாவில் உட்கார்ந்து ஆட்டம் செய்தவர்களுக்கு எங்கள் ஊர் முத்து வியாபாரியின் பாஷை எப்படித் தெரிந்ததோ!

எனக்கு இன்னொரு பழைய சங்கதியும் நினைவுக்கு வந்தது. 1905-ல் இலங்கைக் கரையில் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பு அதுவரை காணாத அமோகம். 8 கோடிக்கு மேல் சிப்பி. சர்க்காருக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய் வருமானம். உடனே லண்டனில் ஒரு கம்பெனி கிளம்பியது. வருஷத்துக்கு 3,10,000 ரூபாய் என்று 1906-லிருந்து 20 வருஷத்துக்குப் பார்களை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தது. மூட்டை வாங்குவது என்றால் இதுதான் மூட்டை! இருபது வருஷச் சிப்பி, கண்ணால் பார்க்காமல். 1906-ல் நல்ல வரவு. (அந்த வருஷம் அங்கே மேற்பார்வைக்கு நின்ற சிவில் சர்வீஸ் அதிகாரிகளில் ஒருவர் லியோனார்ட் உல்ஃப். பின்னாளில் வர்ஜீனியா உல்ஃபின் கணவர்.) 1907-ல் வரவு இறங்கியது. அதற்குப் பிறகு 1925 வரை முத்துக்குளிப்பே கிடையாது. சிப்பியே இல்லை. கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. முந்தின வருஷத்து ஏலக்கணக்கைப் பார்த்து அடுத்த இருபது வருஷத்துக்குப் பணம் கட்டியவர்கள். என் தேக்குமரத்துக்கு அண்ணன்கள்.

"ஒங்க அப்பா பங்குச் சிப்பியை என்ன தாத்தா செய்வாங்க?" என்றான் மருமகன்.

"அன்னன்னைக்கே வித்துருவாரு. மூடுனபடி."

"தொறந்து பாக்கவே மாட்டாங்களா? உள்ள ஆணி இருந்தா?"

"இருந்தா வாங்குனவனுக்கு. எங்க அப்பாவுக்கு ஆணியா வேணும்? வீட்டுல ஏழு வயிறு. ராத்திரி அரிசி வேணும். அவரு கடலுக்கு உள்ள போய் கையால எடுத்தவரு. அவருக்குத் தெரியாதா, எத்தனை சிப்பியில முத்து இருக்கும்னு? அதான் மூடுனபடி வித்தாரு."

எனக்கு இந்தப் பதிலே போதும் என்று இருந்தது. காலண்டர் தாளில் ஒரு மணி நேரம் எழுதியதை ஒரு வரியில் சொல்லிவிட்டார். கடலை நன்றாகத் தெரிந்தவன் திறக்க மாட்டான். விற்க முடிகிறவரை மூடிய சிப்பிக்கு விலை உண்டு. மருமகனுடைய பொட்டலத்தைத் திறந்தாலும் விற்க முடியாது, திறக்காவிட்டாலும் விற்க முடியாது. தீர்ப்பு எழுதிவிடலாம் என்று எழுந்தேன்.

தாத்தா விடவில்லை.

"ஒரே ஒரு நாளு வச்சிட்டு வந்தாரு. கடைசி வருசம். கோணிப்பையில நூறு சிப்பி இருக்கும். அம்மா 'ஏன் விக்கல?'ன்னு கேட்டா. 'பிள்ளைக ஒரு நாளாவது பாக்கட்டும்'னாரு. அம்மா ஏசுன ஏச்சு! ரெண்டு நாளு பாடு அது. அரிக்கேன் வெளக்க நடுவுல வச்சு, நாங்க அஞ்சு பிள்ளைகளும் சுத்தி உக்காந்துட்டோம். அழுக விட எங்க நேரம்? கத்தியால கீறித் தொறந்து, சதையை வெரலால தடவிப் பாத்தோம். கை எல்லாம் கிழிஞ்சு போச்சு. நாத்தம் ஒரு வாரம் போவல."

"எத்தன கெடச்சிது தாத்தா?"

"தூளு. ஒரு ஒம்பது பத்து இருக்கும். ஒண்ணு மட்டும் கொஞ்சம் பெருசு, கடுகு மாதிரி. சின்னத் தங்கச்சி அதைக் கையில வச்சுக்கிட்டே தூங்கிட்டா. காலையில பாத்தா காணும்."

"அய்யோ!"

"அந்த வாரம் பூரா கடைக்காரன்ட்ட அரிசி கடன். அம்மா அப்பாகூட மூணு நாளு பேசல." சிரித்தார். முன் பற்கள் இரண்டு இல்லை. "அஞ்சு பேர்ல இப்ப நான் ஒருத்தன்தான் இருக்கேன். அப்பா எத்தனையோ ஆயிரம் சிப்பி வித்திருப்பாரு. அதுல எனக்கு ஒண்ணுகூட ஞாபகத்துல இல்ல. இந்த நூறும் இருக்கு."

கண்டெய்னர் லாரி ஒன்று சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. உள்ளே அக்கா பாத்திரத்தை முடித்துவிட்டாள் போல, சத்தம் நின்றிருந்தது.

எனக்குக் கணக்கு கலைந்துவிட்டது. 6,000 தூள், 83 சென்ட், 51-வது பொட்டலம் எல்லாம் சரிதான். ஆனால் திறக்கிற ராத்திரிக்கு எந்தப் பத்தியில் என்ன தொகை எழுதுவது? அந்தக் கம்பெனிக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அதற்குத்தான் விலை வைத்திருக்கிறார்கள். சீட்டுக்கு அல்ல. வருஷத்துக்கு மூன்று முறை அந்த ராத்திரியை விற்கிறார்கள், அதுதான் எனக்கு உதைக்கிறது. தாத்தாவின் அப்பா ஆயுசுக்கும் ஒரு முறைதான் வாங்கினார்.

மருமகனிடம் இதைத்தான் சொன்னேன். பெரிய மூட்டை வேண்டவே வேண்டாம், அது முகத்துக்கும் முதுகுக்கும் கொடுக்கிற காசு. சின்னது வாங்கினால் கணக்குப்படி உனக்கு மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. மிச்சத்தைச் சினிமாவுக்குப் போனதாக எழுதிக்கொள். அப்படி எழுத மனசு ஒப்பினால் வாங்கு, ஒப்பாவிட்டால் 5,000 தங்கத்தோடு நிறுத்து. ஆனால் அடுத்த நாலு மாதத்தில் இன்னொன்று வரும்போது என்னைக் கேட்காதே. அம்மாவிடம் நீயே பேசு.

அவன் சின்னதை வாங்கினான். நாலாயிரத்துச் சொச்சம் போனது. மிச்சத்தைத் தெருக்கோடி அக்காவின் சீட்டுக்கு முதல் தவணையாகக் கொடுத்தானாம். அது காணாமல் அக்காவே மேற்கொண்டு போட்டுக் கட்டியிருக்கிறாள். "நீ ஒரு வார்த்தை 'வேண்டாம்'னு சொல்லியிருந்தா அவன் கேட்டிருப்பான்" என்று என்மேல்தான் கோபம்.

தொகுப்பு வெளியானது நம்ம ஊர் நேரத்துக்கு ராத்திரி பத்தரை மணிக்கு. வீடியோ காலில் கூப்பிட்டான். வேப்பமரத்தடி. பக்கத்தில் எதிர்வீட்டுத் தாத்தா. அவருக்கு எப்படியும் தூக்கம் வராது. போனை இரண்டு பேர் முகமும் ஒட்டிக்கொண்டு பார்க்கின்றன. பொட்டலம் வெடிப்பதும் சீட்டு திரும்புவதும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. தாத்தாவின் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

"இது?"

"காமன் தாத்தா."

"இது?"

"ரேர். ஏற்கெனவே இருக்கு."

நாற்பது பொட்டலம் போல ஆகியிருக்கும். திடீரென்று ஆரஞ்சு வெளிச்சம் இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. தாத்தா நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

"ஏல, இது ஆணிதானே?"

மருமகன் சீட்டைப் பெரிதாக்கிப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"ஆணிதான் தாத்தா. ஆனா நான் ஆடாத வகுப்பு. தூளாக்கிர வேண்டியதுதான்."

"இன்னைக்கு ஒரு ராத்திரி வச்சிரு" என்றார் தாத்தா. "காலையில ஆக்கிக்கிடலாம்."